வயர்களைத் தூக்கி எறிய முதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருவிழாக் காலம் நெருங்கும்போது கோயில் பரிபாலன சபைகளும் சனசமூக நிலையங்களும் ஒலியமைப்பைப் புதுப்பிக்கத் தொடங்கும். இப்போதெல்லாம் புதுப்பிப்பது என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான்: பழைய வயர் மைக்குகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, எட்டு வயர்லெஸ் மைக் உள்ள செற் ஒன்றை வாங்குவது. வீடுகளிலும் அப்படித்தான். பிள்ளையின் இணையவழி வகுப்புக்கும் புளூரூத், தொலைக்காட்சிக்கும் புளூரூத். "வயர் இல்லாட்டிச் சத்தம் கிளியர் இல்லை" என்று ஒரு சாராரும், "இந்தக் காலத்தில ஆர் வயர் பாவிக்கினம்" என்று மற்றச் சாராரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேச்சும் பழுது எங்கே வருகிறது என்பதைத் தொடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நடமாடுகிறவருக்கு வயர்லெஸ் கொடுங்கள், ஓரிடத்தில் இருந்து வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் பேசுபவருக்கும் வயரே கொடுங்கள்.

பலரும் பயப்படுகிற விடயத்தை முதலில் முடித்துவிடலாம். சீடீ ஒன்றில் உள்ள ஒலி செக்கனுக்கு 1411 கிலோபிற் அளவு. புளூரூத்தில் எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறை அதைச் சுமார் 328 கிலோபிற் வரை சுருக்கித்தான் அனுப்பும். ஐபோன் ஏ.ஏ.சி. முறையில் ஏறக்குறைய 256 அனுப்பும். சொனி நிறுவனத்தின் எல்டாக் 990 வரை போகும். சிக்னல் குறைந்தால் 660க்கும் 330க்கும் தானாக இறங்கிவிடும். இலக்கத்தைப் பார்த்தால் பெரிய இழப்பாகத் தெரியும். ஆனால் யூரியூப்பில் கேட்கும் பாட்டு உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்போதே ஏறக்குறைய 130 கிலோபிற்றுக்குச் சுருங்கித்தான் வருகிறது. அதை வயரில் கேட்டாலென்ன, புளூரூத்தில் கேட்டாலென்ன? கொழும்பு பஸ்ஸுக்குள் இருந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. அமைதியான அறை, நல்ல ஹெட்போன், சுருக்காத பதிவு மூன்றும் சேர்ந்தால்தான் தெரியும். எல்டாக் உள்ளது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி ஐபோனில் இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐபோன் எல்டாக் அனுப்பாது, கொடுத்த காசு வீண். அன்ட்ரோயிட் கைபேசியில் எந்த முறையில் ஒலி போகிறது என்று பார்க்க, 'அபவுட் ஃபோன்' பகுதியில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு தரம் தட்டினால் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' திறக்கும். ஹெட்போனை இணைத்துவிட்டு அங்கே 'புளூரூத் ஓடியோ கொடெக்' என்ற வரியைப் பாருங்கள்.

புளூரூத் உண்மையாகவே கெடுக்கிற இடம் வேறு. யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இன்று நிறையப் பேர். அவர்களில் பலர் காதில் புளூரூத் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு சூம் வகுப்பு எடுக்கிறார்கள். பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருந்த அதே ஹெட்செற், வகுப்புத் தொடங்கியதும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது. காரணம், ஹெட்செற்றில் உள்ள மைக் வேலை செய்யத் தொடங்கிய கணமே புளூரூத் இணைப்புப் பாட்டு முறையை விட்டு அழைப்பு முறைக்கு மாறுகிறது. அந்த முறையில் ஒலி ஒற்றை வழிதான், ஸ்ரீரியோ இல்லை. பழைய கருவியாக இருந்தால் செக்கனுக்கு 8000 மாதிரிகள், அதாவது 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. சற்றுப் புதியதென்றால் 16,000 மாதிரிகள், 8 கிலோஹேர்ட்ஸ் வரை. மிருதங்கத்தின் வலந்தலை நாதத்தில் உள்ள கூர்மையும், வில் நரம்பில் உரசும் ஒலியும், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் சீறலும் பெரும்பாலும் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன. அவை அறுந்து போன பிறகு மறுபக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு 'தீம்' எது, 'நம்' எது என்று எப்படி விளங்கும்?

மடிக்கணினியில் வகுப்பு எடுப்பவர்கள் இதைக் காசில்லாமல் திருத்தலாம். சூமின் ஓடியோ அமைப்பில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் புளூரூத் ஹெட்செற்றை வைத்துக்கொண்டு, மைக் என்ற இடத்தில் மட்டும் கணினியின் சொந்த மைக்கையோ யூ.எஸ்.பி. மைக்கையோ தெரிவு செய்யுங்கள். ஹெட்செற்றின் மைக்கை எந்தச் செயலியும் கேட்காதபோது அது பாட்டு முறையிலேயே நிற்கும். விண்டோஸில் 'ஹான்ட்ஸ் ஃப்ரீ' என்று பெயர் வருகிற ஸ்பீக்கரைத் தெரிவு செய்யக்கூடாது. அதுதான் அந்தத் தொலைபேசிச் சத்தம். அதோடு சூமில் 'ஒறிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷன்ஸ்' என்ற தெரிவைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் தம்புராச் சுருதியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்துச் சூம் அழித்துவிடும். கைபேசியில் வகுப்பு எடுப்பவர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைப்பதில்லை. அவர்கள் வயர் இயர்போன் போடுவதுதான் சரி. 2020 இல் அறிவிக்கப்பட்ட எல்.ஈ. ஓடியோ என்ற புதிய புளூரூத் முறையில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கைபேசியும் ஹெட்செற்றும் இரண்டுமே அந்த முறையைத் தாங்க வேண்டும்.

கைபேசியில் இயர்போன் செருகும் வட்டத் துளை இல்லையென்று டைப்-சி அடப்ரர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடையில் ஒரே மாதிரி இரண்டு வகை தொங்கும். ஒன்று வெறும் வயர் மாற்றி. மற்றது டிஜிற்றல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் சிறிய சிப் உள்ளே உள்ளது, பெட்டியில் அநேகமாக 'டக்' (டி.ஏ.சி.) என்று போட்டிருக்கும். சிப் இல்லாதது பல கைபேசிகளில் சத்தமே தராது. கடைக்காரரிடம் அங்கேயே உங்கள் கைபேசியில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது தாமதம். சாதாரண புளூரூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி செக்கன் வரை பிந்தி வரும். 200 மில்லி செக்கன் என்றால் ஒலி காற்றில் ஏறக்குறைய 70 மீற்றர் பயணம் செய்கிற நேரம். பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது ஒன்றும் செய்யாது. நடன நிகழ்வில் பதிவு செய்த பாட்டைப் புளூரூத்தில் போட்டாலும் ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே நேரத்தில்தான் கேட்கும், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பதிவோடு நேரடியாகச் சொல்லப்படும் நட்டுவாங்கமும் புளூரூத் வழியே போனால், அல்லது மண்டபத்தின் முன் ஸ்பீக்கர் பொக்ஸ் வயரிலும் பின் பொக்ஸ் புளூரூத்திலும் ஓடினால், எல்லாம் குழம்பும். தன் குரலைத் தானே 200 மில்லி செக்கன் பிந்திக் கேட்கிற பாடகருக்கு நாக்குத் தடுமாறும். அவருக்குப் பழக்கம் போதாது என்று சொல்வது அநியாயம்; அந்தத் தாமதம் அநேகமாக எவரையும் தடுமாற வைக்கும்.

இனி மேளச்சமா, அதாவது தவில் நாதஸ்வரக் கச்சேரி. வயர்லெஸ்ஸால் அதிகம் பாதிக்கப்படுவது இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் ஆகக் குறைவாகப் பேசுகிறார்கள். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், இடந்தலையில் கழி. இரண்டும் அடிக்கிற அடியின் உச்சம் மில்லி செக்கன் கணக்கில் எழுந்து விழும். நாங்கள் பாவிக்கும் வயர்லெஸ் மைக்குகளில் பெரும்பான்மையானவை பண்பலை முறையில் அனுப்புபவை. அந்த அலையில் இரைச்சல் கேட்காமல் இருப்பதற்காக, மைக்குக்குள் உள்ள ரான்ஸ்மிற்றர் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக நெரித்து அனுப்பும். றிசீவர் அதைத் திரும்ப விரிக்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் இந்த நெரிப்பும் விரிப்பும் தெரியாது. தவிலின் அடிக்கு மட்டும் அந்தச் சுற்று ஓடிப்பிடிக்க முடியாமல் பிந்தும். அடியின் முனை மழுங்கும், அடிக்குப் பின்னால் 'உஸ்' என்று ஒரு மூச்சு கேட்கும். வித்துவான் ஐந்தாம் காலத்தில் வாசிக்கும்போது சொற்கள் பிரியாமல் ஒரே உருட்டலாக வெளியில் வருவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது முழுக்க எங்கள் தொழிலாளர் கையில் உள்ளது. கையில் பிடிக்கும் மைக்கின் உள்ளே ஒலியேற்ற அளவு ஒன்று இருக்கும். சிலவற்றில் சிறு சுவிட்ச், சிலவற்றில் திரையில் தெரிவு. பெட்டியில் இருந்து வரும்போது அது பேச்சாளரின் குரலுக்கு ஏற்ற அளவில் நிற்கும். அதைத் தவிலின் முன்னால் வைத்தால் ரான்ஸ்மிற்றருக்குள்ளேயே ஒலி உடைந்துவிடும். உடைந்தது உடைந்ததுதான், அதன்பின் மிக்சரில் எவ்வளவு குறைத்தாலும் உடைந்த சத்தம் மெதுவாகக் கேட்குமே தவிர நல்ல சத்தம் வராது. மைக்கில் 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சரிபார்க்கும்போது "அண்ணை, ஒருக்காத் தட்டுங்கோ" என்றால் அவர் மெல்லத் தட்டுவார். தீர்மானம் (முடிவுச் சொற்கட்டு) ஒன்றை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது றிசீவரில் சிவப்பு விளக்கு எரியாத அளவுதான் சரியான அளவு.

நாதஸ்வரக்காரரின் சால்வையில் சட்டைமைக் குத்துகிற பழக்கமும் விடப்பட வேண்டும். அந்தச் சிறு மைக் பேச்சுக்கு உரியது, நாதஸ்வரத்தின் சத்தத்தை அதால் தாங்க முடியாது. கீழ் அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்க்கு) நேரே ஒட்டிவைப்பதும் பிழை. அங்கே கீச்சு மட்டும்தான் கிடைக்கும். துளைகளில் இருந்தும் ஒலி வருகிறது. ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, துளைகளின் நடுப்பகுதியைப் பார்க்க ஸ்ராண்டில் ஒரு சாதாரண வயர் டைனமிக் மைக் வையுங்கள். மேளச்சமாவில் வித்துவான்கள் இருந்தபடி வாசிக்கிறார்கள். அங்கே வயர்லெஸ்ஸுக்கு என்ன தேவை? சுவாமி வீதியுலா வரும்போது நடந்து வாசிக்கிறார்கள், அப்போது அது தேவை. கூத்துக்கும் தேவை. வில்லுப்பாட்டுக்குத் தேவையே இல்லை.

வயர்லெஸ் கட்டாயம் வேண்டிய இடத்தில் அது விட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலும் றிசீவர் இருக்கும் இடமே காரணம். மனித உடம்பில் பெரும்பகுதி நீர். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சும், பெரும்பாலான வயர்லெஸ் மைக்குகள் பாவிக்கும் யூ.எச்.எஃப். அலையையும் மறிக்கும். கோயில் வீதியில் சனத்துக்குப் பின்னால், மிக்சர் மேசைக்குக் கீழே றிசீவரை வைத்துவிட்டு "சிக்னல் விழுது" என்றால் விழத்தான் செய்யும். றிசீவரை மேடைப் பக்கம் கொண்டுபோய் எட்டு அடி உயரத்தில் வையுங்கள், அன்ரனா இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக விரித்துவிடுங்கள், எல்.ஈ.டி. திரைக்கும் வைஃபை ரவுட்டருக்கும் சில மீற்றர் தள்ளியே இருக்கட்டும். அங்கிருந்து மிக்சருக்கு எக்ஸ்.எல்.ஆர். வயர் (மைக்குக்குப் போடும் மூன்று முள் பிளக் வயர்) இழுங்கள். ஆம், வயர்லெஸ் மைக்குக்கும் நீள வயர் வேண்டும். நல்லூரைப் போலச் சனம் கூடுகிற இடங்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் செற்றுகளை நம்ப வேண்டாம். அந்த அலைவரிசையில்தான் அங்கு நிற்பவர்களுடைய கைபேசிகளின் புளூரூத்தும், வைஃபையில் ஒரு பகுதியும் ஓடுகின்றன.

எட்டு மைக்கின் அலைவரிசைகளையும் சம இடைவெளியில் வைப்பதும் வழக்கமான பிழை. கணக்குக்கு 600, 601, 602 மெகாஹேர்ட்ஸ் என்று மூன்று மைக் வைத்தால், முதல் இரண்டும் கலந்து இன்னொரு அலையை உண்டாக்கும்: 601இன் இருமடங்கில் 600ஐக் கழித்தால் 602. மூன்றாவது மைக்கின் தலையில் அது போய் விழும். யாரும் பேசாத மைக்கில் கரகரப்பு வருவது இதனால்தான். 600, 601, 603 என்று வைத்தால் இந்த மோதல் இல்லை. செற்றோடு வரும் அலைவரிசைக் குழு ('குரூப்') இலக்கங்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தயாரிக்கப்பட்டவை, ஒரே குழுவுக்குள் தெரிவு செய்யுங்கள். எல்லா மைக்கையும் நிறுத்திவைத்து றிசீவரில் ஸ்கேன் ஓடவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். பற்றரி அல்கலைன் அல்லது ரீசார்ஜ் வகையாக இருக்கட்டும். மலிவான கார்பன் பற்றரி தேர் இருப்புக்கு வருமுன்னே விழுந்துவிடும்.

வயர் என்றால் பழுதே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் வயரின் பழுதைக் கையால் தொட்டுத் திருத்தலாம். எக்ஸ்.எல்.ஆர். வயர் அறுவது அநேகமாகப் பிளக்கை ஒட்டிய சில அங்குலத்துக்குள்தான். மல்ரிமீற்றரில் முள் 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 என்று தொடர்பு பார்த்து, பார்க்கும்போதே வயரை ஆட்டுங்கள். அறுந்த பக்கத்தில் நான்கு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் சோல்டர் செய்தால் வயர் இன்னும் பல வருடம் ஓடும். அப்போது 2ஐயும் 3ஐயும் மாற்றிப் பிடித்துவிடக் கூடாது. மாறிய வயர் தனியாகக் கேட்கும்போது பிழை காட்டாது. அதே தவிலுக்குப் பக்கத்தில் சரியான வயர் மைக் இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, தவிலின் அடித்தொனி காணாமற் போகும்.

கைபேசியில் இருந்து மிக்சருக்கு வயர் கொடுக்கும்போது வரும் ஒரு வேடிக்கையும் உண்டு. பாட்டுப் போட்டால் வாத்தியங்கள் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் தூரத்தில் எங்கோ எதிரொலி மாதிரி நிற்கும். 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ பிளக்கை ஒற்றை எக்ஸ்.எல்.ஆர். பிளக்குக்குள் இணைத்த வயர்தான் குற்றவாளி. எக்ஸ்.எல்.ஆர். உள்ளீடு 2இல் வருவதில் இருந்து 3இல் வருவதைக் கழிக்கும்; அதுதான் இரைச்சலைக் கொல்லும் அதன் வித்தை. இங்கே 2இல் இடதும் 3இல் வலதும் வருவதால், இரு பக்கத்திலும் சமமாக உள்ள குரல் கழிந்துபோகிறது. ஸ்ரீரியோ பிளக்கில் இருந்து இரண்டு தனி 6.35 மில்லிமீற்றர் மோனோ பிளக்குகளாகப் பிரியும் வயரைத்தான் வாங்க வேண்டும். மடிக்கணினியைச் சார்ஜரோடு இணைத்தால் 'ம்ம்ம்' என்று இரைந்தால், நடுவில் டீ.ஐ. பெட்டியோ ஐசொலேற்றரோ (நேர் மின்தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் விடும் கருவி) போடுங்கள். அதற்காக எர்த் முள்ளை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பாடகரின் உயிரோடு விளையாடுவது.

ஸ்பீக்கர் வயரிலும் சிக்கனம் பார்க்கிறார்கள். 8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாக, 30 மீற்றர் தூரத்துக்கு, 1 சதுர மில்லிமீற்றர் வயரில் கொடுத்தால், போக வர 60 மீற்றர் செம்பின் தடை ஏறக்குறைய 1 ஓம். அம்பிளிபயர் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு வயரிலேயே சூடாகக் கரையும். 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் அந்த இழப்புப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

புளூரூத் இயர்போனின் ஆயுள் அதன் பற்றரியின் ஆயுள்தான். இரண்டு மூன்று வருடத்தில் முழுதையும் எறிய வேண்டும். வயர் இயர்போன் பிளக் அடியில் அறுந்தால் புதுப் பிளக் போடலாம். உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளில் நிறம் மாதிரித் தெரிவது வார்னிஷ். சூடான சோல்டரிங் அயனில் ஈயத்தோடு பிடித்து அதை எரித்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பூமி (இரண்டுக்கும் பொதுவான வயர்).

கடைசியாக, வெளிநாட்டில் உள்ள ஊர்ச்சங்கங்களுக்கும் உறவினர்களுக்கும். ஊர்க் கோயிலுக்கும் படித்த பாடசாலைக்கும் வயர்லெஸ் செற் அனுப்புகிற உங்கள் நல்ல மனசை மதிக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் 600 மெகாஹேர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கு கைபேசி நிறுவனங்களுக்குப் போய், 2020 யூலைக்குப் பின் அங்கே அந்தப் பகுதியில் ஓடும் மைக்குகளைப் பாவிக்க முடியாமற் போனது. பிரித்தானியாவில் 700 மெகாஹேர்ட்ஸுக்கும் அதே வருடம் அதுவே நடந்தது. பாவித்த செற்றுகள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே கொண்டுவரும் வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. கொழும்பில் பொதி மறிபட்டால் மீட்பது சிரமம். வட அமெரிக்க அடப்ரர் சில 120 வோல்ற்றுக்கு மட்டுமே உரியவை. எங்கள் 230 வோல்ற்றில் செருகிய உடனே புகைந்துவிடும். பணம் கட்ட முதல் றிசீவரின் பின்பக்க லேபிளையும் அடப்ரரின் லேபிளையும் படமெடுத்து இங்குள்ள ஒலியமைப்பாளர் ஒருவருக்கு அனுப்புங்கள். அலைவரிசை எத்தனை மெகாஹேர்ட்ஸ் முதல் எத்தனை வரை, 'இன்புட்' எத்தனை வோல்ற்று என்ற இரண்டு வரியும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒலியமைப்புத் தொழிலில் உள்ள இருவர்,
கோண்டாவில்.